கொல்லையில் இறால் பொரிக்க: கரி அடுப்பா, கேஸா?

மே மாதம், நாகப்பட்டினத்தில் மாமனார் வீடு, பிள்ளைகளோடு சேர்த்துப் பதினொரு பேர். அக்னி நட்சத்திரத்தில் அடுப்படிக்குள் நின்று எண்ணெய்ச் சட்டி வைக்க யாருக்கும் மனசு வராது. அதனால் பொழுது சாய்ந்தபின் கொல்லையில் அடுப்பைப் போட்டு இறால் பொரிப்பது என்று வருஷா வருஷம் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எதில் பொரிப்பது என்பதில்தான் வீடு பிரியும். மாமா எப்போதும் கரி. "கரியில பொரிச்சா அந்த ருசியே தனி மாப்ளே" என்பார். அத்தை கேஸ். மச்சானுக்கு இண்டக்‌ஷன். என் மனைவிக்குப் பொரிப்பதே பிடிக்காது; கம்பியில் கோத்துச் சுட வேண்டும்.

நான்கையும் வெவ்வேறு வருஷங்களில் செய்து பார்த்துவிட்டோம். யார் சொன்னது சரி என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும். மாமா இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியமும் இருக்கிறது.

முதல் வருஷம் மாமா கட்சி ஜெயித்தது. இணையத்தில் வாங்கிய, கால் மடக்கும் தகரக் கிரில் ஒன்று இருந்தது. அதில் ஒரு கிலோ கருவேலங்கரியைப் போட்டு, பன்னாடையும் சூடமும் வைத்துப் பற்றவைத்து, அரை மணி நேரம் காத்திருந்து, மேலே சாம்பல் பூத்ததும் வாணலியை வைத்தோம். எண்ணெய் காய்ந்தது. காய்ந்துகொண்டே போனது. முதல் ஈடு போட்டதும் அரை நிமிஷத்தில் மேல்மாவு கறுத்து, உள்ளே இறால் பாதி பச்சையாக இருந்தது. சூட்டைக் குறைக்கலாம் என்றால் எதைத் திருகுவது? வாணலியை இறக்கி வைக்கலாம் என்றால், கொதிக்கிற எண்ணெயோடு அதைத் தூக்குவது யார்? இடுக்கியால் கங்குகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டோம் போல. நாலாவது ஈட்டுக்கு எண்ணெய் ஆறி, இறால் ஊறிப்போய்ச் சொதசொதவென்று வந்தது. நடுவில் ஒரு முறை கிரிலின் கால் மணலில் புதைந்து வாணலி ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு பிள்ளைகள் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். இறால் பொரிக்க எண்ணெய் 175-லிருந்து 180 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். பத்து இறாலைப் போட்டதும் சூடு இருபது முப்பது டிகிரி இறங்கும். உடனே அடுப்பு அதை ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஏற்றியபின் நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். தணலாகக் கனிந்த கரி 600 டிகிரிக்கு மேல் இருக்கும். கேஸ் சுடர் அதைவிடச் சூடுதான். ஆனால் அதற்குத் திருகு இருக்கிறது.

மூடி போட்ட கிரிலில் கரியின் சூட்டைக் கட்டுப்படுத்த வழி உண்டே என்று கேட்கலாம். உண்டு. மூடியைச் சாத்தி, காற்றுத் துளைகளைக் குறைத்தால் கரி அடங்கும். ஆனால் எண்ணெய்ச் சட்டி உள்ளே இருக்கும்போது மூடியைச் சாத்த முடியாது. சாத்தினால் எண்ணெய் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. மூடி திறந்திருக்கும்வரை கீழ்த் துளையை அடைத்தும் பெரிதாகப் பயனில்லை, மேலிருந்து காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். ஆக, கிரிலுக்கு இருக்கிற ஒரே கடிவாளத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நாம் பொரிக்க உட்காருகிறோம்.

இதில் காற்று வேறு. நாகையில் சாயந்திரம் கடல்காற்று விடாது. அது கேஸ் சுடரை ஒதுக்கித் தள்ளி எண்ணெயை ஆறவைக்கும். கரியையோ விசிறிவிட்டுக் கனலவைக்கும். கேஸில் காற்றடித்தால் இறால் வேகத் தாமதமாகும், அவ்வளவுதான். கரியில் காற்றடித்தால் எண்ணெய் புகைய ஆரம்பிக்கும், சாம்பலும் பறந்துவந்து அதில் விழும்.

சரி, இத்தனை பாட்டுக்கும் ருசியாவது கிடைக்கிறதா? மாமாவோடு எனக்குள்ள உண்மையான வழக்கு இதுதான். கரியில் சுட்ட மீனுக்கும் கறிக்கும் வரும் அந்த வாசனை பெரும்பாலும் கரியிலிருந்து வருவதில்லை. நன்றாகக் கனிந்த கரியில் புகையே அதிகம் இருக்காது. மசாலாவும் கொழுப்பும் இறாலின் சாறும் தணல்மேல் சொட்டி, கருகி, ஆவியாகி மேலே எழும்பி மறுபடி இறால்மேலேயே படிகிறது. அதுதான் அந்த மணம். நடுவில் ஒரு வாணலியை வைத்துவிட்டால் எதுவும் சொட்டாது. இறால் எண்ணெயில் முங்கிக் கிடக்கும்போது வெளியே என்ன எரிகிறது என்று அதற்குத் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டு, கரியில் பொரித்ததையும் கேஸில் பொரித்ததையும் மாமாவுக்குக் கொடுத்தேன். மூன்று முறையில் ஒரு முறைதான் சரியாகச் சொன்னார். "எண்ணெய் சரியில்ல மாப்ளே" என்றார்.

கரியின் தொந்தரவு முழுக்க வந்துசேரும், கரியின் பலன் வராது. கரிக் கிரிலில் எண்ணெய் வைத்துப் பொரிப்பதை நான் கடைசி இடத்தில் வைப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் எல்லாக் கரி அடுப்பும் ஒன்றில்லை. அத்தை வீட்டுப் பரணில் பழைய இரும்புக் குமுட்டி ஒன்று கிடந்தது. வாளி மாதிரி இருக்கும். நடுவில் சல்லடைத் தட்டு, கீழே ஒரு வாய். கேஸ் வருவதற்கு முன் எத்தனையோ வீடுகளில் வடையும் அப்பளமும் அதில்தான் பொரிந்தன. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் புரியும். சட்டி விளிம்பில் சிக்கென்று உட்காருகிறது, ஆடுவதில்லை. சட்டியே மேலே மூடி மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் கீழ் வாயை ஒரு ஓட்டுச்சில்லால் பாதி மறைத்தால் தணல் உண்மையிலேயே அடங்குகிறது, திறந்துவிட்டு இரண்டு விசிறு விசிறினால் எழும்புகிறது. கிரிலில் கங்குகள் அகலமாகப் பரவிக் கிடக்கும். குமுட்டியில் சட்டியின் அடிக்கு நேராக ஒரு குவியல். கிரில் சுடுவதற்கென்று செய்தது, குமுட்டி சமைப்பதற்கென்று செய்தது. கரியில்தான் பொரிப்பேன் என்று வீட்டில் யாராவது ஒற்றைக்காலில் நின்றால் குமுட்டியைத் தேடி எடுங்கள். பதினொரு பேருக்கு அது காணாது என்பது வேறு விஷயம். சின்னச் சட்டி, ஒரு ஈட்டுக்கு ஆறு இறால்.

குமுட்டியில் வைக்கிற சட்டி கனமான வார்ப்பிரும்பாக இருக்கட்டும். கரியின் ஏற்ற இறக்கத்தைக் கனத்த இரும்பு உள்வாங்கிச் சமன்செய்யும். மெல்லிய அலுமினிய வாணலி கரிமேல் நிமிஷத்துக்கு ஒரு குணம் காட்டும். கேஸில் அதே மெல்லிய வாணலி நல்லது, திருகினால் உடனே சொன்னபடி கேட்கும்.

இனி அத்தையின் கேஸ். வீட்டு உபயோகச் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, உருளையின் எடையும் சேர்ந்தால் முப்பது கிலோ அளவுக்கு வரும். அதைக் கொல்லைக்கு நகர்த்துவதற்கே இரண்டு பேர் வேண்டும். 5 கிலோ சின்னச் சிலிண்டரும் ஒற்றை பர்னர் இரும்பு அடுப்பும் இருந்தால் வேலை சுலபம். அந்த இரும்பு அடுப்பு தாழ்வாக, அகலக் கால்களோடு இருப்பதால் கவிழாது. ஒரே குறை காற்று. மூன்று பக்கம் செங்கல் அடுக்கித் தடுத்தோம். சிலிண்டரைத் தடுப்புக்கு வெளியே, அடுப்பிலிருந்து ரப்பர் குழாய் எட்டும் தூரத்துக்குத் தள்ளி, நிமிர்த்தி வைத்தோம். செங்கல்லுக்குள் சிலிண்டரையும் சேர்த்து அடைத்துவிடாதீர்கள்.

கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. இரண்டு கிலோ இறால், கிலோவுக்கு நாற்பது நிற்கிற கவுண்ட், ஆக எண்பது. தலையும் ஓடும் போனால் ஏறக்குறைய பாதி எடைதான் மிஞ்சும். ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரு ஈட்டுக்குப் பத்து. வேக இரண்டு நிமிஷம், எண்ணெய் மறுபடி காய இரண்டு நிமிஷம். எட்டு ஈடு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த அரை மணியும் ஒரே சீராக ஓடியது. முதல் ஈடும் கடைசி ஈடும் ஒரே நிறத்தில் வந்தன. ஒரு குழந்தை ஓடிவந்தபோது அத்தை செய்ததெல்லாம் திருகை மூடியதுதான். கரியில் அந்த ஒரு வசதிக்கு ஈடே இல்லை.

இண்டக்‌ஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்று தொடாது, திருகு உண்டு, சுடர் கிடையாது. பொரிப்பதற்கு உண்மையில் இதுவே பத்திரமானது என்பேன். ஆனால் 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வீட்டில் கிடக்கிற சாதாரண 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் ஒயர் சூடேறி இளகும். 16 ஆம்பியர் பிளக்கும் தடித்த ஒயரும் கொல்லைவரை எட்டினால் மட்டும் யோசியுங்கள். அடி தட்டையான பாத்திரமும் வேண்டும், நம் வாணலி அதில் உட்காராது. மச்சான் அந்த வருஷம் எல்லாம் தயார் செய்துவைத்தார், சரியாக ஏழு மணிக்குக் கரண்ட் போனது.

என் மனைவியின் கட்சிக்கு வருகிறேன். இறாலைப் பொரிக்காமல் நேராகத் தணலில் சுடுவது. கரி தன் முழு வேலையைக் காட்டுவது இங்கேதான். மேலே சொன்ன சொட்டுகிற மணம் முழுவதும் கிடைக்கும். கம்பிவலையில் ஒரே நேரத்தில் இருபத்தைந்து இறால் பரப்பலாம். பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். எண்பது இறாலும் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். பொரிப்பதைவிட வேகம். சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் இறாலை நகர்த்தினால் போதும். கரியை ஒரு பக்கம் குவித்து மறுபக்கம் காலியாக விட்டால், வெந்ததை இங்கே ஒதுக்கி வைக்கலாம். பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கம்பி கொடுத்துத் திருப்பச் சொல்லலாம். கொதிக்கிற எண்ணெய் பக்கத்தில் இல்லை என்பதே பெரிய நிம்மதி.

ஆனால் முறுமுறுப்பு இருக்காது. அரிசிமாவும் சோளமாவும் போட்டுப் பொரித்த இறாலின் மொறுமொறுவும், அந்த எண்ணெயில் கடைசியாகப் போடும் கறிவேப்பிலையும், தணலில் வராது. வரும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். இரண்டும் வேறு பண்டம்.

இறாலும் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. அந்தச் சமயத்தில் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருகிற கடல் இறால் கொஞ்சம்தான், விலையும் ஏறிவிடும். மே மாதத்தில் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது குட்டையில் வளர்த்த வனாமி. 2009-இல் அனுமதி கிடைத்தபின் நம் கரையோரக் குட்டைகளில் பரவிய இறால் அது. பொரிப்பதற்கு வனாமியை நான் குறை சொல்லமாட்டேன். ஒரே அளவாக இருக்கும், ஒரே நேரத்தில் வேகும். நாற்பது ஐம்பது கவுண்ட் போதும். சுடுவதற்கு இருபது முப்பது கவுண்டில் பெரிதாக, ஓட்டோடு வேண்டும். முதுகில் மட்டும் கீறி நரம்பை எடுத்துவிட்டு ஓட்டை அப்படியே விட்டால், ஓடு கருகும், உள்ளே சதை சாறோடு இருக்கும். உரித்த சின்ன இறாலைக் கிரிலில் போட்டால் பாதி கம்பி இடுக்கில் விழும், மீதி காய்ந்து ரப்பராகும். மூங்கில் குச்சியில் கோப்பதானால் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். ஒரு வரிசைக்கு இரண்டு குச்சி செருகினால் திருப்பும்போது இறால் சுற்றாது.

பொரிக்கிற இறாலில் ஒரு சின்ன வேலை இருக்கிறது, பலர் செய்வதில்லை. வாலை அழகுக்காக விட்டு உரிக்கிறோம் அல்லவா, அந்த வால் மடிப்புக்குள் தண்ணீர் நிற்கும். எண்ணெயில் விழுந்ததும் படபடவென்று வெடிப்பது பெரும்பாலும் அதுதான். வால் நுனியைச் சாய்வாக வெட்டி, கத்தியின் முனையால் அழுத்தி வழித்தால் கலங்கிய நீர் ஒரு சொட்டு வரும். பிறகு துணியில் ஒற்றிவிட்டு மசாலா தடவுங்கள். எலுமிச்சையைக் கால் மணி நேரத்துக்கு முன்னால் சேர்க்க வேண்டாம், புளிப்பில் சதை இறுகிவிடும்.

எண்ணெய் எது என்பதிலும் மாமாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அவருக்குச் செக்குக் கடலெண்ணெய். வாசனைக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் சுத்திகரிக்காத எண்ணெய் 160 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கிவிடும், நமக்கு வேண்டியதோ 175. கேஸில் கண்ணும் கையுமாக இருந்து சமாளிக்கலாம். கரியில் முடியாது. அங்கே 230 வரை தாங்கும் ரீஃபைண்ட் கடலெண்ணெய்தான் சரி. சூடு பார்க்க எண்ணெயில் வைக்கிற வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாவை ஒரு சொட்டு விடுங்கள். அடியில் போய் அங்கேயே தங்கினால் காயவில்லை, மேலேயே நின்று கறுத்தால் மிஞ்சிவிட்டது. போய் உடனே எழும்பி வந்தால் சரி.

எதில் பொரித்தாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கொல்லையில் கீற்றுக் கொட்டகைக்கு அடியிலோ, உலர்ந்த மட்டை அடுக்கிய இடத்துக்குப் பக்கத்திலோ அடுப்பைப் போடக் கூடாது. மழைத் தூறல் என்று கரி அடுப்பைத் தாழ்வாரத்துக்குள்ளும் நகர்த்தக் கூடாது; தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எண்ணெய் சட்டியில் பாதிக்குக் கீழே இருக்கட்டும். சட்டிக்குப் பொருந்துகிற தட்டு ஒன்றும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் தட்டால் மூடுங்கள், சட்டியைத் தூக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும், எரிகிற எண்ணெயைத் தூக்கி எறியும். கரியில் எண்ணெய் சிந்தினால் நெருப்பு ஏற்கெனவே அங்கே தயாராகக் காத்திருக்கிறது, அணைக்க மணல் ஒன்றுதான் வழி.

போன வருஷம் என்ன செய்தோம் என்றால், இறாலை இரண்டாகப் பிரித்தோம். பெரியது ஒரு கிலோ, ஓட்டோடு, கிரிலில். அது மனைவி பொறுப்பு. சின்னது ஒன்றரைக் கிலோ, உரித்து, கேஸில். அது அத்தை பொறுப்பு. இரண்டுக்கும் இடையே பத்தடி இடைவெளி, நடுவில் ஒரு பெஞ்சு, பிள்ளைகள் அதைத் தாண்டி எண்ணெய்ப் பக்கம் வரக் கூடாது என்று கட்டளை. மாமாவுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதுதான் சிக்கலாக இருந்தது. கரி வாசனை பொரித்த இறாலிலும் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மசாலா தடவிய பச்சை இறால் உள்ள பாத்திரத்தின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்து, அதில் ஒரே ஒரு கங்கைப் போட்டு, அரை ஸ்பூன் நெய் விட்டு, உடனே மூடிப் பத்து நிமிஷம் வைத்துவிடுவது. பொரித்தபின் செய்தால் மூடியடியில் வேர்த்து மொறுமொறுப்புப் போய்விடும். பச்சையாக இருக்கும்போதே செய்துவிட்டால் மணம் இறாலில் ஏறிவிடுகிறது. மாமா நெய்யை அரை ஸ்பூனுக்குப் பதில் ஒரு கரண்டி விட்டார். கொல்லை முழுக்கப் புகை. ஆனால் அன்று பொரித்த இறாலில் அவர் கேட்ட வாசனை இருந்தது, நானே ஒத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து பாய் விரித்து உட்கார்ந்தபோது கிரிலில் இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கங்கு மிச்சம் இருந்தது. மாமா உள்ளே போய் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் எடுத்துவந்தார்.